பின்னால் வருபவர் பொறுப்பு

மியூனிக்கில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குக் குளிர்காலத் திங்கட்கிழமைகளில் யாராவது ஒருவர் கட்டுப் போட்ட காலோடு வருவார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே வருவார். எனக்குப் பழக நாளானது அந்தச் சிரிப்புதான். ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி எடுக்கப் போவார். மற்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "எந்த மலை?" என்று கேட்பார்கள். ஈரோட்டில் ஒருவர் காலை உடைத்துக்கொண்டு வந்தால் "எந்த வண்டி?" என்றுதான் கேட்போம். அடுத்ததாக, அந்த வண்டிக்காரனை என்ன செய்தீர்கள் என்று கேட்போம். இங்கே அடிபட்டவரே தன் தவறை விளக்கிச் சொல்கிறார், கேட்பவர்கள் கண்களில் ஒரு பொறாமை தெரிகிறது. முதல் வருஷம் முழுக்க நான் இவர்களை நினைத்து வருத்தப்பட்டேன். இரண்டாம் வருஷம் நானே காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு மலைமேல் நின்றேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் என்னைப் பற்றித் தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காக, அது எப்படி நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்படி வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: உலகத்தில் எதையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று உறுதியாக நம்புவோம். நீச்சலைக்கூட நான் முதலில் நூலகத்தில்தான் கற்றேன், பிறகு வாய்க்காலில் மூழ்கினேன். இப்போது கார்களுக்கான பிரேக்கின் மென்பொருளை எழுதுகிறேன். வழுக்கும் சாலையில் சக்கரம் எப்படி நிற்க வேண்டும் என்று நான் எழுதியதைக் கேட்டு எத்தனையோ கார்கள் நிற்கின்றன. இதை இங்கே சொல்லக் காரணம், நான் என்ன எழுதினாலும் என் கால் கேட்காது என்பது பிறகு வரப்போகிறது.

நான் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் வீடு யோகண்ணையுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக இளம் வயதில் வந்தவர். இப்போது ஐம்பத்தெட்டு வயது. மியூனிக்கில் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவருடைய ஜெர்மனைக் கேட்டால் இந்த மாநிலத்துப் பவேரியக்காரர்களே தங்கள் ஆள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். என் ஜெர்மனைக் கேட்டால் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நான் பேசும் கொங்குத் தமிழைக் கேட்டு அவர் மனைவி ரஞ்சியக்கா, "உந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' வைச்சுக் கட்டுது, பார்சல் மாதிரி" என்பார். அவர்களுக்கு ஒரே மகள், அபி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கும் ஃப்ளோரியன் என்ற பையனுக்கும் மே மாதம் கல்யாணம் என்று முடிவானது. ஃப்ளோரியனின் வீடு ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஒரு கிராமம். நடக்கப் பழகியதும் பனியில் தள்ளிவிடுகிற ஊர்.

போன நவம்பரில் இரண்டு குடும்பமும் சம்பந்தம் பேசிக் கேக் சாப்பிட்டபோது, ஆளோடு ஆளாக என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். ஃப்ளோரியனின் அப்பா ஆலாய்ஸ் பெரிய மீசைக்காரர், பேச்சு குறைவு. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். வீட்டில் கல்யாணம் நடக்கிற வருஷம், பனி உருகுவதற்குள் இரண்டு குடும்பமும் மலையுச்சிக் குடிலில் ஒன்றாக சூப் குடித்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து சறுக்கி ஊருக்குள் இறங்க வேண்டும். இதைச் சொல்லி முடித்த ஆலாய்ஸ் யோகண்ணையைப் பார்த்தார். தன் முழங்காலை இரண்டு முறை தடவினார். "கீழே கொண்டோலாவில் வரலாம். பிரச்சினை இல்லை" என்றார். கொண்டோலா என்பது கம்பியில் தொங்கி ஏறி இறங்கும் கண்ணாடிப் பெட்டி. அவ்வளவுதான் அவர் சொன்னது. யோகண்ணை கேக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும்போது காருக்குள் வெடித்தது.

"தம்பி, கேட்டனீரே? என்னைப் பெட்டியிலை இறங்கட்டாம். முழங்காலை வேறை தொட்டுக் காட்டுறார். நான் என்ன நொண்டியே?"

"அந்தாள் மரியாதையாத்தானே சொன்னது" என்றார் ரஞ்சியக்கா.

"மரியாதையோ? மாப்பிளையின்ரை தேப்பன் மலையாலை இறங்கி வர, பொம்பிளையின்ரை தேப்பன் பெட்டிக்குள்ளை குந்தியிருந்து வாறதோ? ஊர்ச்சனம் என்ன சொல்லும்?"

"எந்த ஊர்ச்சனம்? அங்கை எங்களை ஆருக்குத் தெரியும்?"

"அதுதான் சொல்லுறன். முதன்முதலாத் தெரியேக்கை பெட்டிக்குள்ளை இருக்கப்படாது."

ரஞ்சியக்கா விடவில்லை. "நல்லது. கால் முறிஞ்சால் மணவறையிலை ஆர் தாரை வாக்கிறது? கட்டுப் போட்ட காலை மடிச்சுச் சப்பாணி கட்டி இருக்க ஏலுமே?"

யோகண்ணை என் பக்கம் திரும்பி, "நீர் படிச்சனீர்தானே? நீரும் வாரும்" என்றார். எனக்கு அதில் எந்தத் தர்க்கமும் தெரியவில்லை. ஆனால் என்னைப் படித்தவன் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் எதற்கும் சரி என்றுவிடுவேன். அன்று மாலையே பனிச்சறுக்கு பற்றி இரண்டு புத்தகங்கள் வாங்கினேன்.

பனிச்சறுக்குப் பள்ளியில் என்னை முதலில் குழந்தைகளோடு விட்டார்கள். தரையில் ஊர்ந்து மேலே ஏற்றும் ஒரு பட்டை இருக்கிறது, 'மந்திரக் கம்பளம்' என்று பெயர். அதில் என் இடுப்புயரம்கூட இல்லாதவர்கள் வரிசையாக நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற சிறுமி என்னை அண்ணாந்து பார்த்து, "நீ யாருடைய அப்பா?" என்று கேட்டாள். நான் நேர்மையாக, "யாருடைய அப்பாவும் இல்லை. நான் மாணவன்" என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னாள். அன்று முழுவதும் நான் விழும்போதெல்லாம் அவர்கள் எழுப்பிவிட ஓடி வந்தார்கள். அந்த அன்பைத் தாங்க முடியாமல் மறுநாள் யோகண்ணையின் வகுப்புக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். அது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வகுப்பு. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், இரண்டு பல்மருத்துவ உதவியாளர்கள், யோகண்ணை, இருபத்தெட்டு வயதில் நான். சொல்லிக்கொடுத்தவள் லேனி, கல்லூரி மாணவி, இருபத்தொரு வயது. மலைமேல் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். "யோகன், முட்டியை மடக்கு!" என்று அவள் கத்தும்போதெல்லாம் நான் அவருக்காகக் கூசினேன். அவர் கூசவில்லை. "பஸ்ஸுக்குள்ளை என்னை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிடுறாங்கள், இது பேர் சொல்லித்தானே கூப்பிடுது" என்றார்.

முதலில் கற்றுக்கொள்வது நிற்கத்தான். பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஒரு ஆப்பு மாதிரி பனியில் ஊன்ற வேண்டும். குழந்தைகளுக்கு அதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கலப்பை. என் தாத்தா கலப்பையை விட்டு மூட்டைக்கு வந்தார், அப்பா மூட்டையிலிருந்து என்னைப் புத்தகத்துக்கு அனுப்பினார், நான் ஜெர்மனி வரை வந்து கலப்பை பிடித்தேன். அதுவும் கோணலாக.

ஆனால் கலப்பையால் ரொம்ப தூரம் போக முடியாது, அதுவும் வயதானவர்களால். தொடை எரிந்துவிடும். லேனி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னப் பையன்கள் தொடையின் பலத்தில் வேகத்தைக் குறைப்பார்கள். நீங்கள் திருப்பத்தால் குறைக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் இருக்கும் காலில் முழு எடையையும் கொடுத்து, பலகை மலைக்குக் குறுக்கே வரும்வரை வளைந்தால் வேகம் தானாகவே செத்துவிடும். ஒரு திருப்பத்தை முழுக்க முடிக்காமல் அடுத்ததைத் தொடங்காதீர்கள். இதை நான் இரண்டு புத்தகத்திலும் படித்திருந்தேன், அம்புக்குறி போட்ட படத்தோடு. அவள் சொல்லும்போது தலையாட்டினேன். பிறகு பள்ளத்தைப் பார்த்த மாத்திரத்தில் உடம்பு மலைப்பக்கம் சாய்ந்தது, எடை தவறான காலுக்குப் போனது, பலகை நேர்கீழே திரும்பியது. பிரேக் எழுதுகிறவன் பிரேக் இல்லாமல் தபால்காரர் மேல் போய் நின்றேன்.

யோகண்ணை வேறு வழியில் போனார். லேனி ஒவ்வொரு திருப்பத்தையும் முடி என்றதை அவர் 'நிறுத்தத்தில் நிப்பாட்டு' என்று புரிந்துகொண்டார். சரிவை அப்படியே ஒரு பேருந்துத் தடமாக்கிவிட்டார். முதல் வளைவு 'ஷூலே', பள்ளிக்கூடம். இரண்டாவது மருத்துவமனை. மூன்றாவது சந்தை. ஒவ்வொரு இடத்திலும் வேகத்தைக் கொன்று, கிட்டத்தட்ட நின்று, யாரோ ஏறி இறங்கியது போல ஒரு மூச்சு விட்டு, மறுபடி எடுப்பார். வாய்விட்டு அறிவிப்பும் செய்வார். சரிவிலேயே செங்குத்தான பகுதி வந்ததும், "அடுத்த நிறுத்தம், ஃப்ரீட்ஹோஃப்" என்பார். ஃப்ரீட்ஹோஃப் என்றால் சுடலை. பின்னால் வரும் பல்மருத்துவ உதவியாளர்கள் சிரித்துக்கொண்டே விழுவார்கள். அழகான சறுக்கல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஜனவரி முடிவதற்குள் அவர் விழுவது நின்றுவிட்டது.

தொடைக்குப் பலம் வேண்டும், தினமும் உட்கார்ந்து எழுந்திருங்கள் என்று லேனி சொல்லியிருந்தாள். ஒரு நாள் கீழே போனபோது சாமியறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் யோகண்ணை தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். ரஞ்சியக்கா கண் கலங்கி நின்றார். "முப்பது வருசமாக் கெஞ்சிறன், ஒரு விபூதி பூச மாட்டார். மகளுக்குக் கலியாணம் எண்டவுடனை இந்த மனிசனுக்குப் பக்தி வந்திட்டுது, பாரும்" என்றார். யோகண்ணை எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டே என் காதருகே வந்தார். "கையை எங்கை வைக்கிறது எண்டு தெரியேல்லை, தம்பி. காதைப் பிடிச்சால்தான் கால் இறங்குது." அந்தக் குளிர்காலம் முழுக்க, கடைசி நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்திவிட்டு, ஆளில்லாத வண்டிக்குள் காதைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்து எழுந்தார். ஒரு மூதாட்டி கண்ணாடியைத் தட்டி, உங்களுக்கு என்ன தண்டனை என்று கேட்டாராம்.

என் பிரச்சினை தொடையில் இல்லை. பிப்ரவரியில்தான் அது எனக்கே தெரிந்தது. ஓரளவு திரும்பப் பழகியிருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் பனியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது, ஒற்றைப் பலகையில் வரும் பையன் ஒருவன். நான் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கினேன். அவனும் என்னைத் தாண்ட வலப்பக்கம்தான் வந்துகொண்டிருந்தான். அவன் ஓரத்து வலையில் தொங்கினான், நான் அவனுக்குக் கீழே கிடந்தேன். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீதானே முன்னால் போகிறாய்? பார்க்க வேண்டியவன் நான். நீ ஏன் விலகினாய்?" என்றான் அவன். மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். "எதற்கு?" என்றான். முதலில் மன்னிப்புக் கேட்டதற்காக என்றேன். அவனுக்கு எதுவும் புரியவில்லை. தலைக்கவசத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

லேனி எங்களைச் சுற்றி நிற்கவைத்து விதியைச் சொன்னாள். சரிவில் முன்னால் போகிறவர் எவ்வளவு மெதுவாகவும் போகலாம், எங்கே வேண்டுமானாலும் வளையலாம். பின்னால் இருந்து வருகிறவர்தான் அவரைப் பார்த்து, வழி தேடி, விலகிப் போக வேண்டும். பொறுப்பு பின்னால் வருபவருடையது. நான் இரண்டு முறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். முன்னால் தடுமாறிக்கொண்டு போகிறவனுக்காக, பின்னால் வேகமாக வருகிறவன் பொறுப்பேற்கிற ஒரு ஏற்பாட்டை என் வாழ்க்கையில் நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

நான் சைக்கிள் கற்றது மண்டிக்குப் போகும் ரோட்டில். அங்கே பின்னால் ஒலி கேட்டால் மண்ணுக்கு இறங்கிவிட வேண்டும். யார், என்ன வண்டி என்று பார்ப்பதெல்லாம் இறங்கிய பிறகுதான். அப்பாவின் முதுகுக்கே காது உண்டு. மூட்டை தலையில் இருக்கும்போதும், பின்னால் இன்னொருவர் வருவது தெரிந்து, திரும்பாமலேயே ஒரு அடி ஒதுங்குவார். மண்டி முதலாளியின் கார் ஓரமாக நின்றுகொண்டிருந்தால்கூட அதற்கு வழிவிட்டுத்தான் நடப்பார். ஒதுங்குவது எங்கள் வீட்டில் சாலை விதி மட்டும் இல்லை. அது எனக்கு எந்த வயதில் ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. அலுவலகத்தில் குறுகிய நடையில் யாராவது பின்னால் வந்தாலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

யோகண்ணைக்கு இதே வியாதி வேறு காரணத்தால் இருந்தது. "முப்பது வருசமாக் கண்ணாடி பாத்து ஓட்டுறவனைப் பின்னாலை பாக்காதே எண்டால் எப்பிடி?" என்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை இடம் வலமாகத் திருப்பியதில் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் தலைக்கவசத்தில் ஒரு சைக்கிள் கண்ணாடியைக் கறுப்பு டேப்பால் ஒட்டிக்கொண்டு வந்தார். லேனி பார்த்தாள்.

"யோகன், அது என்ன?"

"பின்பக்கக் கண்ணாடி" என்றார் அவர், வேலைக்கான சீருடையில் நிற்பவர் போல.

லேனி பனியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கழற்றச் சொன்னாள். ஒரு வாகனத்தைக் கண்ணாடி இல்லாமல் எடுப்பது தன் தொழிலுக்கே அவமானம் என்று அவர் வாதாடினார். கடைசியில், கண்ணாடி இருக்கலாம், அதைப் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தமானது.

நான் அந்த நாட்களில் வீடியோ அழைப்பில் மலையை அப்பாவுக்குக் காட்டினேன். அவர் பனியைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தார்.

"ஏண்டா கண்ணு, பலகையில ஏறுனா எங்களுக்குக் கூலி குடுக்கறாங்க. நீ காசு குடுத்துப் பலகையில எறங்கறயா?"

லாரியில் மூட்டை ஏற்ற ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். அதில் ஏறி இறங்கித்தான் என் படிப்பு முழுக்க நடந்தது. இது விளையாட்டு என்று விளக்கினேன். "செரி, வுழுந்து கிழுந்து வெச்சராத" என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மண்டியே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாள் வந்தது. மலையுச்சிக் குடிலில் நீள மேசையில் ஃப்ளோரியனின் அத்தை மாமாக்கள், பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். ரஞ்சியக்கா ஒரு வாளி வடை கொண்டுவந்திருந்தார். அவரும் ஃப்ளோரியனின் அம்மாவும் கொண்டோலாவில் திரும்புவதாக ஏற்பாடு. யோகண்ணை சூப்பைத் தொடவில்லை. எதிரே ஆலாய்ஸும் தொடவில்லை என்பதை நான் கவனித்தேன். அப்போது அபி என்னை ஒரு ஓரமாக இழுத்தாள்.

"அண்ணா, ஒண்டு சொல்லவோ? அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. ஃப்ளோரியன்ரை அப்பா முழங்கால் ஒபரேஷன் செய்து ரெண்டு வருசமா ஸ்கீ ஓடேல்லை."

"அப்புறம் ஏங்க இன்னிக்கு ஸ்கீயோட வந்திருக்காரு?"

"அண்டைக்குத் தன்னோடை கொண்டோலாவிலை வரச் சொல்லித்தான் அப்பாவைக் கேட்டவர். தனியா அதிலை இறங்க அவருக்கு வெக்கம். எங்கடை அப்பா குளிர் முழுக்கப் பழகுறார் எண்டு கேள்விப்பட்டவுடனை, தானும் இறங்கத்தான் போறன் எண்டு நிக்கிறார். டொக்டர் ஓம் எண்டவராம், ஆனா மெள்ளப் போகட்டாம். அவரின்ரை மனிசி ரெண்டு கிழமையா அவரோடை கதைக்கிறேல்லை."

அன்று ஆலாய்ஸ் முழங்காலைத் தடவியது தன்னைப் பற்றிச் சொல்லத்தான். ரகசியத்தைக் காப்பாற்ற எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வெளியே பலகைகளை எடுக்கும் இடத்தில் யோகண்ணையிடம் அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

"இதை ஏன் காணும் இப்ப வந்து சொல்லுறீர்?"

"இப்பக்கூட ரெண்டு பேரும் கொண்டோலாவுல போயிரலாமுங்க, அண்ணை."

"எப்பிடி? நான் பெட்டியிலை போறன் எண்டால், தனக்காகத்தான் விட்டுத்தந்தது எண்டு அந்தாளுக்கு விளங்கிப்போகும். அந்தாளைப் போகச் சொன்னால், எனக்குக் குத்தின மாதிரித்தான் அதுக்கும் குத்தும்." பலகைகளைக் காலில் மாட்டினார். "இனி ரெண்டு கிழடும் இறங்கத்தான் வேணும்."

பிறகு காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழத் தொடங்கினார். அது என்ன என்று ஆலாய்ஸ் கேட்டார். உடம்பைச் சூடேற்றுவது, முழங்காலுக்கு நல்லது என்றார் யோகண்ணை. முழங்கால் என்றதும் ஆலாய்ஸ் கைக்கோலைப் பனியில் குத்திவிட்டு, தடித்த கையுறையோடு காதைப் பிடித்து, கவனமாகப் பாதி வரை இறங்கி எழுந்தார். அவர் செய்ததும் மற்றவர்களும் செய்தார்கள். அந்த உச்சியில் பிள்ளையார் இல்லை, மரத்தில் ஒரு பெரிய சிலுவை நட்டிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு பவேரியக் குடும்பமே தோப்புக்கரணம் போட்டது. ரஞ்சியக்கா கொண்டோலாவின் கண்ணாடி வழியாக இதைப் பார்த்துக்கொண்டே கீழே போனார். பிறகு அவர் சொன்னது: "நான் கும்பிட்டது வீண்போகேல்லை எண்டு நினைச்சன்."

இளையவர்கள் பறந்துவிட்டார்கள். மூன்று பேர் மிஞ்சினோம். யோகண்ணை தலைக்கவசத்திலிருந்து கண்ணாடியைப் பிய்த்து என் சட்டைப்பைக்குள் திணித்தார். "பின்னாலை நீர் வாறீர். நீர் பாரும்." பொறுப்பு பின்னால் வருபவருடையது.

அடுத்தது யார் முன்னால் போவது என்ற பிரச்சினை. சம்பந்தியை முந்தவிட்டுப் பின்னால் போவதுதான் மரியாதை என்று யோகண்ணை கையை நீட்டினார். விருந்தாளியை முன்னால் விட வேண்டும் என்று ஆலாய்ஸ் கையை நீட்டினார். நீங்கள் போங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று இருவரும் கைநீட்டியபடியே கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, ஒரே நேரத்தில் புறப்பட்டுவிட்டார்கள். மேல்பகுதி பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒடுங்கிய பாதை. அதில் இரண்டு பெரிய மனிதர்கள் தோளோடு தோளாகக் கலப்பை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை அழைப்பின் வேகத்தில் இறங்கினார்கள். நான் அவர்களுக்குப் பின்னால். எனக்குப் பின்னால் பனி கிழியும் சத்தம் ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டம். யாரோ இருமினார்கள். யாரோ "ஹலோ?" என்றார்கள். என் முதுகு முழுக்க ஒதுங்கு ஒதுங்கு என்றது. நான் ஒதுங்கினால் அந்தக் கூட்டம் நேராக அந்த இரண்டு முதுகுகள் மேல் வரும். பள்ளத்துப் பக்கக் காலில் எடையைக் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல், பாதையின் நடுவில் நான் நின்றுநின்று இறங்கினேன். வியர்த்து ஊற்றியது. யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நம்பமுடியாதது.

பாதை அகன்றதும் கூட்டம் எங்களைச் சுற்றிக் கலைந்து போனது. யோகண்ணை அறிவிக்கத் தொடங்கினார். ஷூலே. நின்றார், ஆலாய்ஸும் நின்றார். மருத்துவமனை. சந்தை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆலாய்ஸின் மூச்சு பெரிதாகிக்கொண்டே வந்தது. அடுத்து செங்குத்து. இந்தக் குளிர்காலத்தில் இதைவிடச் செங்குத்தான இடத்தில் யோகண்ணை நிதானமாக வளைந்து வளைந்து இறங்கியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் "ஃப்ரீட்ஹோஃப்" என்று அறிவித்துவிட்டு, ஓரமாகப் போய், பொத்தென்று பனியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஏலாது, ஆலாய்ஸ்" என்றார், முதலில் தமிழில், பிறகு ஜெர்மனில். "கால் நடுங்குகிறது. கொஞ்சம் இருக்கலாமா?"

ஆலாய்ஸின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். "ஆமாம் ஆமாம், இருக்கலாம். உனக்காக" என்றார். அடுத்த நொடியே பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். யோகண்ணை சட்டைக்குள்ளிருந்து வடைப் பொட்டலத்தை எடுத்தார். மனிதர்கள் விர்விர்ரென்று கீழே போய்க்கொண்டிருக்க, சுடலை நிறுத்தத்தில் இரண்டு சம்பந்திகளும் வடை தின்றார்கள். பிறகு எழுந்து, அடிக்கடி உட்கார்ந்து, மிக மெதுவாக ஊர்போய்ச் சேர்ந்தோம். ஒவ்வொரு முறையும் முதலில் உட்கார்ந்தவர் யோகண்ணை.

கீழே எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று யாரோ கேட்டார்கள். பேச்சுக் குறைவான ஆலாய்ஸ் அன்று ஊருக்கே கேட்கும்படி, "யோகனுக்கு முடியவில்லை. அவனுக்காக நான் மெதுவாக வந்தேன்" என்று அவர் முதுகில் தட்டினார். குளிர்காலம் முழுக்க எந்தப் பேச்சு வரக் கூடாது என்று யோகண்ணை காதைப் பிடித்தாரோ அதே பேச்சு. நான் வாயைத் திறந்தேன். யோகண்ணை என் காலில் பலகையை வைத்து மிதித்தார். "ஓம், ஓம்" என்று சிரித்தார்.

காரில் கேட்டேன். "ஏங்க அண்ணை, நீங்க மறுக்கவே இல்ல?"

"பஸ்ஸிலை வயசுபோன ஆக்கள் ஏறினால், அவை சீட்டிலை குந்துமட்டும் நான் பஸ்ஸை எடுக்கிறேல்லை. பிந்தினதுக்கு அவைதான் காரணம் எண்டு மைக்கிலை சொல்லுறதே?"

"ஆர் வயசுபோன ஆள் எண்டு எனக்குத் தெரியும்" என்றார் ரஞ்சியக்கா பின்சீட்டிலிருந்து. ஆனால் வாளியில் மிஞ்சியிருந்த கடைசி வடையை அவருக்குத்தான் கொடுத்தார்.

அடுத்த வாரமே விடுமுறையில் ஊருக்குப் போனேன். வாசலில் அம்மா என்னைப் பார்த்து நின்றுவிட்டார். பனியின் பளபளப்பு வெயிலைவிட மோசம், பெரிய கறுப்புக் கண்ணாடி மூடிய இடத்தில் மட்டும் என் பழைய நிறம், மூக்கும் கன்னமும் தாடையும் அதைவிட இரண்டு படி கறுப்பு. "வெயிலே இல்லாத ஊருன்னு சொன்ன, பாதி மூஞ்சியக் கருக்கிட்டு வந்திருக்கற?" என்றார். சட்டைப்பையில் யோகண்ணையின் கண்ணாடி அப்படியே இருந்தது. அப்பாவின் மொபெட்டில் கண்ணாடி கிடையாது, மூட்டையில் இடிக்கிறது என்று எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார். நான் இதை டேப் சுற்றி ஒட்டினேன். பின்னால் வருகிறவர்களைப் பார்க்கலாம் என்று விளக்கினேன். அப்பா அதை மேல்பக்கம் திருப்பி வைத்துத் தலை வாரிக்கொண்டார்.

மறுநாள் அவர் பின்னால் உட்கார்ந்து மண்டி ரோட்டில் போனேன். பின்னால் லாரிக்காரன் ஒலியை அழுத்தினான். அப்பா திரும்பாமலேயே ஹேண்டிலை ஒடித்தார்.

"எதுக்குங்கப்பா எறங்கறீங்க? நாமதான முன்னால போறோம். அவன்தான் பாத்து வரோணும்."

"செரி கண்ணு," என்றார் அப்பா, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே. "அத அவனுக்குச் சொல்லு."

லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. அப்பா திருப்பி வைத்திருந்ததால் அந்தச் சின்னக் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை. புழுதிக்கு நடுவில் இரண்டு நிறத்தில் என் முகம்தான் ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். கால்மிதியில் என் இரண்டு பாதமும், யாரும் சொல்லாமலே, முன்நுனியைச் சேர்த்து, குதிகாலை அகட்டி, கலப்பை போட்டு மொபெட்டை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தன.